சுங்காயில் பிடித்த கறுப்புச் சிலந்தி

தனபாலன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி சரோஜா அக்கா தொலைபேசியில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல. "பூச்சிங்களுக்கு யாரு சாப்பாடு போடுறா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். "நாந்தான் போடுறேன். வேற யாரு?" என்றார். அதன்பிறகுதான் இருவரும் அழுதோம்.

ஈப்போ நீர் இலாகாவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு எந்தப் பூச்சிகள் என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அண்ணன் டரான்டுலா வளர்த்தார். ரப்பர்த் தோட்டத்து மண்சரிவுகளில் வளை தோண்டி வாழும், உள்ளங்கை அகலச் சிலந்திகள். மிட்டாய்ப் போத்தல்களில் மண் போட்டு முன்கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார். நாங்களெல்லாம் அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்போம்.

என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. "எப்பிடிண்ணே அடையாளம் தெரியுது?" என்றேன் ஒருமுறை. "தெரியாதுலா. தோல் உரிக்கிறதுக்கு முன்னால ஒரு நெறம், உரிச்ச பிறகு ஒரு நெறம். நெறத்த நம்பினா ஒரே பூச்சிக்கு மூணு பேரு வச்சிடுவோம்" என்றார். அதனால் பிடித்த ஊரைத்தான் சாக்கட்டியால் மூடியில் எழுதுவார்: கோலா கங்சார், சித்தியவான், சுங்காய். சுங்காய்ப் பூச்சி மட்டும் தனி இனம் என்று நம்பினார். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருக்கு எழுதிப் போட்டார். நேரில் வருகிறேன், புது இனமானால் உங்கள் பெயரையே வைக்கிறேன் என்று பதில் வந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது பார்த்துத் தீபாவளி வந்தது. கூடத்துக்குச் சாயம் அடிக்கப் போத்தல்களைச் சமையலறைக்கு மாற்றினார், வரிசை கலைந்தது. மிச்சமான நீலச் சாயத்தை வீணாக்க மனமில்லாமல், துருவைத் தேய்த்தெடுத்து மூடிகளுக்கும் பூசினார். ஊர்ப் பெயர்கள் துருவோடு போயின. அவரா இப்படிச் செய்தார் என்பீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வீடுகளில் யாருக்குப் புத்தி இருக்கிறது?

ஆய்வாளர் வந்த அன்று நானும் இருந்தேன். ஒவ்வொரு போத்தலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றின் முன்னால் நின்றார். "இது வேறாகத்தான் தெரிகிறது. எங்கே பிடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சமையலறை வாசலிலிருந்து அக்கா, "சுங்காய்னு சொல்லுங்களேன்!" என்றார். அண்ணன் போத்தலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியாது" என்றார். ஊர் உறுதியில்லாததைப் புது இனமென்று எழுத முடியாது என்று சொல்லி ஆய்வாளர் கைகுலுக்கிப் போய்விட்டார்.

அக்கா சண்டைக்கு வந்தார். "அது சுங்காய்தான்னு உங்களுக்கே தோணுதுல்ல?"

"தோணுது. ஆனா எழுதிட்டா ஊர்ப் பேரு அப்பிடியே நின்னுடும் சரோ. நாளைக்கு எவனாவது அதத் தேடி சுங்காய்க்குப் போவான். அங்க இல்லாட்டி எங்க தேடுவான் அவன்?"

மறுபடி ஒன்று பிடிக்கலாம் என்று அண்ணனும் நானும் சுங்காய்க்குப் போனோம். ரப்பரை வெட்டிச் சரிவை நிரவி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போய் வந்தார். கிடைக்கவே இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அலுவலக முகப்பில் யாராவது கேட்டு, எனக்கு நிச்சயமில்லை என்றால், தெரியாது என்கிறேன். அண்ணன் அதைச் சொல்லித் தன் பெயரையே விட்டுக்கொடுத்தார். எனக்கு என்ன நஷ்டம்?