அய்யாவின் துப்பாக்கிக்கு அறுபதாயிரம்

அவரை மாமா என்று சொல்ல இப்போது எனக்கு நாக்குக் கூசுகிறது. சொந்த மாமா இல்லை, என்னைப் பெற்ற அய்யாவின் கூட்டாளி. அம்மாவைத் தங்கச்சி என்பார். எங்கள் வீட்டில் முப்பது வருடம் கை நனைத்தவர். அய்யா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கியை விலைக்குக் கேட்டு முதலில் வந்து நின்றவரும் அவர்தான்.

அது லீவர் துப்பாக்கி. விசையைச் சுற்றி வளையம் மாதிரி ஓர் இரும்புப் பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். கமுதிப் பக்கம் எங்கள் மிளகாய்க் கொல்லையில் பன்றி இறங்கினால் அய்யா வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார், அவ்வளவுதான், ஓடிவிடும். லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது. அண்ணன் துபாயில், நான் உச்சிப்புளியில் டீச்சர். எங்களுக்கு எதற்குத் துப்பாக்கி? மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் ஒப்படைத்து வைத்திருந்தோம்.

வெடிச் சத்தம் நின்றதும் பன்றிகளுக்குக் கொண்டாட்டம். அண்ணன் போனில் ஒரே பாட்டு: “கொல்லைய வித்துட்டுத் தங்கச்சி வீட்டுல போயி இரும்மா.” அம்மா அதற்கு மசியவில்லை. துப்பாக்கியை விற்றுக் கொல்லையைச் சுற்றிக் கம்பிவேலி போடுவதென்று முடிவு செய்துவிட்டாள். நாலு பக்கத்துக்கும் ஒன்றரை லட்சம் ஆகும் என்று வேலி போடுகிறவர் சொன்னார். வேலி வராவிட்டால் அடுத்த விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் அம்மா பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

மாமாவிடம் லைசென்ஸ் இருந்தது. எனக்கும் பள்ளிக்கூட லீவு. மூன்று பேருமாக மதுரைக்குப் போனோம். கடையில் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். மாமா குழலுக்குள் டார்ச் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு லீவருக்கு மேலே இரும்பில் இருந்த மூன்று கருப்புத் தழும்புகளைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

“என்ன தங்கச்சி, இங்கன அம்மை போட்ட மாதிரி குழி குழியா இருக்கு?”

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, பம்புசெட் எல்லாவற்றுக்கும் வைக்கிற மாதிரி துப்பாக்கிக்கும் அவள்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பாள். மறுநாள் பூஜை முடிகிறவரை துடைக்கக் கூடாது. ஈரச் சந்தனம் அப்படியே இரும்பில் இருக்கும். வருடா வருடம் அதே மூன்று இடம்.

“சந்தனம் இரும்பத் தின்னுருச்சு. வேற ஆளுன்னா தொடவே மாட்டான். நம்ம வீட்டுச் சாமானாச்சேன்னு அறுவதாயிரம் தாரேன்.”

என்ன தாராளம்! வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

“நாந்தான்டி கெடுத்தேன். அவுக அன்னைக்கே தொடச்சுருன்னு சொன்னாக. நாந்தான் கேக்கல. அண்ணே கேட்ட வெலைக்கே குடுத்துரு.”

ஒரு வாரம் இதே புலம்பல். இதே அழுகை. சாமி கும்பிட்டதற்கு ஒரு பொம்பளை இத்தனை தண்டம் கட்டுவதா?

சனிக்கிழமை நான் மட்டும் மறுபடி மதுரைக்குப் போனேன். கடையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற பெரியவர் டார்ச்சை என் கையில் கொடுத்து, குழலுக்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே துரும்பு அளவு துரு இல்லை. திருகு திருகாக ஓடிய வரிகள் பளபளவென்று இருந்தன. லீவரை ஆட்டிக் காட்டினார். ஆட்டமே இல்லை.

“குழி மேலோடதாம்மா. குண்டு போற பாதையில ஒன்னுமில்ல. அந்தப் பொட்டுக்குக் கழிச்சது போகவே ஒன்றரை லட்சம் போகும். கடைக்கே குடுத்தா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தருவோம். எங்களுக்கும் லாபம் வேணும்ல.”

“இத அன்னைக்கே சொல்லக் கூடாதாய்யா?”

“ரெண்டு பேரு வெல பேசுறப்ப நாங்க ஊடால வாயத் தொறக்க மாட்டோம்மா. கேட்டா சொல்லுவோம்.”

நல்ல வழக்கம் போங்கள்! ஆனாலும் லாபம் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் மாமா முன்பணத்தோடு ஊருக்கே வந்துவிட்டார். நான் காபியை வைத்துவிட்டு, பெரியவர் சொன்னதை அப்படியே போட்டு உடைத்தேன். மாமா கொஞ்சமும் கூசாமல் சிரித்தார்.

“ஏத்தா, யாவாரம்னா அப்படி இப்படித்தான் கேப்பாக. சரி விடு, ஒன்னரையே தாரேன்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மானங்கெட்ட மனசு, அதற்குள் வேலிக்குக் கல் ஊன்றத் தொடங்கிவிட்டது. அம்மாதான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, குழலுக்குள்ள நல்லா இருக்குன்னு அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாமயா? டார்ச் அடிச்சுப் பாத்தேன்ல,” என்றார் பெருமையாக.

“அப்ப ஒரு வாரமா நா அழுதேனே, அது?”

மாமா டம்ளருக்குள் பார்த்தார்.

“காபியக் குடிச்சுட்டுக் கெளம்புங்கண்ணே. துப்பாக்கி ஒங்களுக்கு இல்ல.”

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. “விதைப்புக்குள்ள வேற ஆளத் தேட முடியாது. கடையில ஒன்னு பத்துதாம்மா தருவாக. மூணு பக்கத்துக்குத்தான் வேலி வரும்,” என்றேன்.

“வரட்டும்டி,” என்றாள் அம்மா. “நாலாவது பக்கம் நா நிக்கிறேன்.”