நான் போட்ட மஞ்சள் கோடு

எங்கள் ரேஸ் கார் ஓடியது மொத்தம் மூன்றே பந்தயம். மூன்றாவதில் உடைந்தது. உடைத்தவன் நான். நாலு வருஷமாகிறது, வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. எழுதும்போதே கூசுகிறது.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லேத் பட்டறை. சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் இடம். அதன் ஓனருக்கு நாற்பத்தைந்து வயது, ரேஸ் பைத்தியம். அறுபதுகளில் ஓடிய கிராண்ட் பிரி கார் ஒன்றின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, நாலு சக்கரமும் வெளியே, ரெக்கை கிக்கை எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய கார்களில் எஞ்சின் முன்னால் இருந்ததாம். அதை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதும் மூக்கு மெலிந்து, ஆள் படுத்த வாக்கில் ஓட்ட ஆரம்பித்தாராம். இதையெல்லாம் டீ ஆறுவது தெரியாமல் சொல்லுவார்.

"பாரு, இன்னா அழகா கீது! இதே மாதிரி ஒண்ணு நம்ம கையால கட்றோம், நானே ஓட்றேன்."

கட்டினோம். பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி ஒரு கூடு. ஒட்டியது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெல்டர். மண்ணூரில் ஐந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான், என்னைவிட ஆறேழு வயது சின்னவன். அவன் வைத்த ஒட்டைத் தடவிப் பார்த்தால் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக இருக்கும். அந்த வருஷக் கடைசியில் சிங்கப்பூர் கப்பல் கம்பெனிக்கு வெல்டிங் டெஸ்ட் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "இந்த பிரேமை போட்டோ எடுத்துக் காட்டினாலே போதும்டா, கூப்ட்டுக்குவான்" என்று ஓனரே சொல்லுவார். அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான்.

நட்டு போல்ட் வேலை என்னுடையது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் எட்டு வருஷமாக லைனில் நிற்பவன் நான். காலை ஷிப்ட் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவேன். வந்தால் வாய் சும்மா இருக்குமா? "எங்க லைன்ல ஒரு நட்டு மிஸ்ஸாவாது தெரியுமா" என்று அந்த வெல்டரிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன்! கம்பெனிப் பழக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். நட்டை அளவோடு முடுக்கியதும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம். வேறு யாரும் அதை மறுபடி தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.

லைனில் நட்டை முடுக்கியவன் நான் இல்லை. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நிற்பவன் முடுக்குவான், வண்டி நகர்ந்து வந்ததும் நான் கோடு இழுப்பேன். எட்டு வருஷமாக என் வேலை அவ்வளவுதான்.

முதல் பந்தயத்தில் கார் கடைசியாக வந்தது. முழுசாக ஓடி முடித்ததே போதும் என்று கேசரி வாங்கிக் கொண்டாடினோம். இரண்டாவதில் நடுவாந்தரமாக வந்தது. மூன்றாவது பந்தயத்துக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. முன்பக்க இடது சக்கரத்தை உடம்போடு பிடித்து நிறுத்தும் முக்கோணக் கையைக் கழற்றி, அதன் கோணத்தை மாற்றி, திரும்ப மாட்டினேன். நாலு நட்டையும் விரலால் திருகி நிறுத்தியிருந்தேன். அப்போது ஓனர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். சாப்பிட்டேன், கை கழுவினேன், வந்து உட்கார்ந்தேன். நட்டுகள் அதனதன் இடத்தில் இருந்தன. கை தானாகப் பேனாவை எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு கோடும் நேராக, அழகாக விழுந்தன. முடுக்கும் ரெஞ்சைத் தொடவே இல்லை.

ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டை டிராக். ஓனர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். நானும் வெல்டரும் வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினோம். கடைசிக்கு முந்தின சுற்றில், எங்களுக்கு எதிரே இருந்த வளைவில், இடது சக்கரம் தனியாகப் பிரிந்து ஓடியது. கார் சுழன்று போய் டயர் அடுக்கில் மோதியது.

ஓடினோம். ஓனரின் கணுக்கால் முறிந்திருந்தது. காரின் கூட்டில், அந்த முக்கோணக் கையைப் பிடித்திருந்த இரும்புத் துண்டு ஒட்டோடு பிய்ந்து தொங்கியது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அதைப் பார்த்தார். "இன்னாடா வெல்டிங் வெச்சிருக்க? சாவடிச்சிருப்பியேடா என்னை!" வெல்டர் குனிந்தான். பிய்ந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

எல்லாரும் ஆம்புலன்ஸ் பக்கம் போன பிறகு நான் டிராக் ஓரமாக நடந்தேன். கார் மோதிய வளைவுக்கு முந்தின வளைவிலேயே ஒரு நட்டு கிடந்தது. அதன் மேல் பாதி மஞ்சள் கோடு. குனிந்து எடுத்தபோதே விளங்கிவிட்டது. நட்டு முதலில் கழன்றிருக்கிறது. போல்ட் உருவிக்கொண்டு போயிருக்கிறது. ஒட்டு பிய்ந்தது மோதலில்தான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

சொல்லியிருக்கலாம். நான் திரும்பி வந்தபோது அவன் உடைந்த காருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நட்டைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா! ஓனருக்குக் கால் சரியாகட்டும், சொல்லலாம் என்று ஒரு சாக்கு. கால் சரியானதும், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று இன்னொரு சாக்கு. அந்த நட்டைச் செம்பரம்பாக்கம் ஏரியில் வீசிவிட்டு வந்தேன். வெல்டர் மறுநாளிலிருந்து பட்டறைக்கு வரவில்லை. ஓனர் இரண்டாவது கார் கட்ட ஆரம்பித்தபோது வேறு வெல்டர் வந்தார். "நட்டு போல்ட் இவன்கிட்ட வுட்டா கண்ண மூடிக்கினு ஓட்டலாம்" என்று அவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார் ஓனர். அன்று நான் ரெஞ்சை எடுத்தேன். இப்போது ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை முடுக்குகிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

போன மாதம் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பழைய வெல்டரைப் பார்த்தேன். குடோன் ஒன்றின் செக்யூரிட்டி சட்டை போட்டிருந்தான். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அவனே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நல்லா இருக்கியளா? ஓனருக்குக் கால் எப்படி இருக்கு?"

"நல்லா நடக்குறாரு. நீ சிங்கப்பூர் போகலையா?"

"டெஸ்ட்டுக்கே போகலண்ணே. அதுக்கப்புறம் வெல்டிங் டார்ச்சக் கையில எடுத்தா நடுக்கம் வந்துருது. ஒரு ஆளு உசிரு போவப் பாத்துச்சுல்லா, எங்கையால." சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பினான். "இந்த அண்ணனத்தான் சொல்லுவேம்லா. அன்னைக்கு அத்தனை பேரும் என்னை ஏசுனாவ. இவிய ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லல."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.