எல்லாக் கடிதங்களிலும் ஒரு வரி

அந்தப் பள்ளியில் டைப்பம்மா என்றால் அலுவலக அறை, அலுவலக அறை என்றால் டைப்பம்மா. பத்தொன்பது வயதில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தாறு. இயந்திரம் போய்க் கணினி வந்தது. தலைமையாசிரியர்கள் ஏழு பேர் வந்து போனார்கள். அவள் நாற்காலிக்கே மூன்று முறை கால் மாற்றியாகிவிட்டது. அவள் மட்டும் அசையவில்லை. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள், ஆசிரியர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் அவள் டைப்பம்மா.

வருடத்தில் பத்து மாதம் அந்த அறை சாதாரண அறை. கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகிற மீதி இரண்டு மாதமும் அது கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை ஆசிரியர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறார்கள் என்று வெளியே ஒரு நம்பிக்கை. பாவம், நம்பட்டும். ஆசிரியர்கள் செய்வதெல்லாம், ஒரு துண்டுச் சீட்டில் பெயர், வகுப்பு, வாங்கிய பரிசு என்று மூன்றைக் கிறுக்கி ஜன்னல் வழியே நீட்டுவதுதான். எந்தக் காலத்துத் தலைமையாசிரியரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே கடிதம் டைப்பம்மாவிடம் இருந்தது. முதல் பத்தியில் ஒழுக்கம், இரண்டாவதில் சாதனை, மூன்றாவதில் வருங்காலம். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடும். வருடம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை அதில் சொல்வன்மை மிக்கவர். கடைசி பெஞ்சில் தூங்கியே பொழுதைப் போக்கியவன் அறிவு வேட்கை கொண்டவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே டைப்பம்மா அந்தக் கடிதத்தில் கை வைத்துவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் கடிதத்தில் மூன்றாம் பத்திக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு வரி இடம் வெறுமனே கிடந்தது. அந்தப் பெண் தினமும் தாமதமாக வருகிறவள். தாமதப் பதிவேடு இருப்பது டைப்பம்மாவின் ஜன்னலில். மற்றப் பிள்ளைகள் பேருந்து பழுது, பல்வலி, மழை என்று அவிழ்த்துவிடுவார்கள். வெயில் கொளுத்துகிற நாளில்கூட ஒருவன் மழை என்று எழுதினான். இந்தப் பெண் மட்டும் "தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வந்தேன்" என்று வருடம் பூராவும் அதே காரணத்தை எழுதினாள். டைப்பம்மா காலியிடத்தில் அடித்தாள்: "தாமதமாக வந்த ஒருநாளும் இவர் பொய்க் காரணம் எழுதியதில்லை." அடித்த பிறகுதான் பகீர் என்றது. ஆனால் ஆசிரியர் ஏறெடுத்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கடிதம் போயிற்று. பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

அதன்பிறகு கை சும்மா இருக்குமா? பள்ளியின் எல்லாச் சங்கதியும் அந்த ஜன்னல் வழியாகத்தானே போக வேண்டும். "காணாமற்போன பொருட்கள் பெட்டியில் இவர் கொண்டுவந்து போட்டவை பதினொன்று. தன்னுடையதைத் தேடி ஒருமுறையும் வந்ததில்லை." "மதிப்பெண் குறைந்த அன்றே பள்ளித் தொலைபேசியில் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தானே சொன்னவர்." கடிதத்துக்கு ஒரு வரி, ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்தது. இருபத்தேழு வருடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஆசிரியர்கள் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கண்டுபிடித்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயம் மட்டும் வருடா வருடம் அந்த இரண்டு மாதமும் கூடவே இருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை, அழுத்தக்காரி.

ஒட்டிய உறைகளின்மேல் முகவரி எழுதுவதும் அவள்தான். எழுதி எழுதி நூறு ஊர்களின் பெயர் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் எந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது, எது மலைமேல் என்று ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போன வருடம், டைப்பம்மா டவுன் கல்லூரியின் மாலை நேர வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்துவிட்டாள். புவியியல் பட்டப் படிப்பு. இடங்கள் முப்பது. இந்த வருடத்தோடு மாலை வகுப்புக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தப் போகிறார்கள் என்று விண்ணப்பம் கொடுத்தவரே சொன்னார். விட்டால் இனி இல்லை.

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில்தான் வந்தது வினை. விண்ணப்பதாரரை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒட்டிய உறையில், ஒட்டின இடத்தில் கையெழுத்தோடு வேண்டும். விண்ணப்பதாரர் அதைப் பார்க்கக் கூடாது.

இரண்டாயிரம் பேருக்குக் கடிதம் அடித்தவள் தனக்கு யாரிடம் போய் நிற்பது? அவளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களைத் தேட வேண்டுமானால் காவல்துறையில்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் யோசித்துவிட்டு, இயற்பியல் ஆசிரியரிடம் போய் நின்றாள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் புவியீர்ப்பு சார். அவர் கையில் எடுத்த எதுவும் கீழே விழாமல் இருந்ததில்லை.

"எனக்கா? எங்கிட்டயா?" என்றார் அவர். கையிலிருந்த டம்ளர் விழுந்தது. "நீங்க காலேஜுக்கா? அட, சூப்பர்! சீட்டு எழுதித் தரேன், வழக்கம்போல அடிச்சுடுங்க."

"நான் அடிக்கக் கூடாது சார். நான் பாக்கவே கூடாது. விதி அப்படி."

புவியீர்ப்பு சார் தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கடிதம்கூடத் தன் கையால் அடித்ததில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் டைப்பம்மாவை அவளுடைய அறையிலிருந்தே வெளியேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டக். அப்புறம் ஒரு முழு பஸ் போய் மறைகிற நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு டக். பிறகு ஏதோ விழுகிற சத்தம்.

"டைப்பம்மா! எல்லாம் காணாமப் போச்சு!"

"கன்ட்ரோலயும் இசட்டையும் சேத்து அழுத்துங்க சார்!"

"ரெண்டு கையாலயா?"

"எந்தக் கையா இருந்தா என்ன சார், அழுத்துங்க!"

அடுத்து பிரிண்டரில் காகிதம் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவளை விட்டால் ஆளில்லை. ஒரு கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தடவித் தடவி உள்ளே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு காகிதத்தை உருவிக் கொடுத்துவிட்டு, அதேபோல வெளியே வந்தாள். மேசை முனையில் இடித்துக்கொண்ட முழங்கை ஒரு வாரம் வலித்தது. அன்று மாலை புவியீர்ப்பு சார் ஒட்டிய உறையை நீட்டியபோது, வராந்தாவில் எதிரே வந்த ஆசிரியர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் அடித்த அழகைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அந்த உறை மூன்று நாள் இருந்தது. அவள் கை படாமல் ஒட்டிய முதல் உறை அது. ஒரு மூலை கோணலாக ஒட்டியிருந்தது வேறு அவளைப் பிடுங்கித் தின்றது. கணவருக்கோ தலை வெடித்துவிடும்போல இருந்தது. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வச்சா பசை தானா விட்டுடும். படிச்சுட்டுத் திரும்ப ஒட்டிடலாம். ஒரு பயலுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ங்க."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? உன்னப் பத்தித்தானே எழுதியிருக்கு."

"ரெண்டாயிரம் பிள்ளைங்ககிட்ட, பிரிச்சா செல்லாதுன்னு சொல்லியிருக்கேன். நானே பிரிச்சா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

உறையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். ஃப்ரீசர் பக்கம் அவர் போகும்போதெல்லாம் ஒரு கண் அவர்மேலேயே இருந்தது. ஐஸ்கட்டி எடுக்கப் போனேன் என்று மனிதர் மூன்று தடவை சொன்னார்.

நேர்காணல் அன்று, அரைநாள் விடுப்பில் கல்லூரிக்குப் போனாள். புவியியல் துறைத் தலைவி தனியாக உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் ஓர் உலக உருண்டை, மூலையில் குடை வைக்கிற தொட்டியில் சுருட்டிய வரைபடங்கள். அவற்றைப் பார்த்ததும் டைப்பம்மாவுக்கு வாயில் எச்சில் ஊறாத குறை. மதிப்பெண் பட்டியல் பழையது. கேட்ட கேள்விகளில் பாதிக்குத்தான் பதில் சொன்னாள். வாசலில் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

துறைத் தலைவி உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"உங்க வயசு என்ன?"

"நாப்பத்தாறு மேடம்."

"பதினேழு வயசுலயே முதிர்ந்த பொறுப்புணர்வு உள்ள மாணவன்னு போட்டிருக்கே." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "கால்பந்து டீமுக்கு நீங்கதான் கோல்கீப்பரா?"

டைப்பம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கணினியில் கடைசியாகத் திறந்திருந்தது ஒரு கோல்கீப்பர் பையனின் கடிதம், அவனுக்கான வரியை அவள் இன்னும் அடிக்காதது. புவியீர்ப்பு சார் அதைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறார். அவ்வளவு டக் டக்கும் அவள் பெயரை அடிக்கத்தானா!

"ரெண்டு கோப்பை ஜெயிச்சிருக்கீங்க. வருங்காலத்துல பெத்தவங்களுக்குப் பெருமை சேர்ப்பீங்க. நல்லது." துறைத் தலைவி தாளைக் கீழே வைத்தார். "உங்க ஸ்கூல் லெட்டர் இருக்கே, மூணு பத்தியும் எனக்கு மனப்பாடம். நான் அதப் படிக்கிறதே இல்ல. கையெழுத்துக்கு மேல ஒரு வரி இருக்கும். அத மட்டும்தான் படிப்பேன். அந்த ஒரு வரிய நம்பி எத்தனையோ பிள்ளைங்களுக்கு சீட் கொடுத்திருக்கேன். ஒருத்தர்கூட என்னை ஏமாத்தல. உங்க லெட்டர்ல அந்த வரியைக் காணோம். இடம் காலியா இருக்கு."

 அந்த வரியை எழுதுகிறவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் மானம் போகும். சொல்லாவிட்டால் இடம் போகும். போகட்டும், மானம் அவர்களுடையது, இடம்தானே நம்முடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"எங்க போறீங்க? பின்பக்கம் இன்னும் படிக்கலயே." துறைத் தலைவி தாளைத் திருப்பினார். "இத உங்ககிட்டக் காட்டக் கூடாதுன்னுதான் விதி. படிச்சுச் சொல்லக் கூடாதுன்னு எதுலயும் இல்ல. கேளுங்க."

பின்பக்கத்தில் கையால் எழுதியிருந்தது. துறைத் தலைவி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"முன்பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் போகிற கடிதம். அதை அடிக்கவே எனக்கு ஒரு மதியம் போய்விட்டது, மன்னிக்கவும். எங்கள் கடிதங்களில் உண்மையான வரி ஒன்று இருக்கும். இருபத்தேழு வருடமாக அதை எழுதுகிறவர் இவர். கையெழுத்துப் போடும்முன் நாங்கள் எல்லோரும் அதைப் படிக்கிறோம். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கே தெரியாததை அதில்தான் தெரிந்துகொள்கிறோம். நாங்கள் படிப்பது இவருக்குத் தெரியாது. தெரிந்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாரோ என்று யாரும் வாய் திறக்கவில்லை."

அதன்கீழே கையெழுத்துகள், பதினான்கு. தமிழாசிரியரிலிருந்து விளையாட்டு ஆசிரியர்வரை. வராந்தாவில் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தலைமையாசிரியரின் பச்சை மை ஓரத்தில் இருந்தது. புவியீர்ப்பு சார் கையெழுத்தின்மேல் தேநீர் சிந்தியிருந்தது.

டைப்பம்மா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பெரியவர்கள்முன் இப்படியா என்று வெட்கமாக இருந்தது. அதையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருடமாகக் கண்ணாமூச்சி ஆடியதாக நினைத்துக்கொண்டிருந்தவள், கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தது தான்தான் என்று இப்போது தெரிந்துகொண்டாள். துறைத் தலைவி உலக உருண்டையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வகுப்பு அஞ்சரைக்கு. ஸ்கூல் முடிஞ்சு, பஸ் பிடிச்சு வந்து சேரணும். லேட் ஆகுமே?"

"ஆகும் மேடம். பத்து நிமிஷமாவது ஆகும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா பொய்க் காரணம் எழுத மாட்டேன்."

துறைத் தலைவி நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். முதல் வருடம் அந்தத் தாமதப் பெண்ணின் கடிதத்தில் படித்த வரி அவருக்கு இன்னும் நினைவிருந்தது. விண்ணப்பத்தின் மூலையில் அப்போதே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை டைப்பம்மா வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். வாசலில் தாமதப் பதிவேடு இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஆறு பேர் போக்குவரத்து நெரிசல் என்று எழுதியிருந்தார்கள். அவள் பேனாவை எடுத்து, தன் சொந்தப் பெயரை முழுதாக எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதினாள்: "இயற்பியல் ஆசிரியர் பிரிண்டரைக் கீழே போட்டுவிட்டார்."