அடித்துவிட்ட சொல்

எழுதச் சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை. செங்கல்பட்டு நூலகத்திலிருந்து உரைநடை பற்றிய நூல்களை எடுத்துவந்து நானே ஒரு பயிற்சி வகுத்துக்கொண்டேன். விடிகாலையில் திருவிடந்தைக் கடற்கரையில் பார்த்ததையும் கேட்டதையும் ஒரு தாளில் கிறுக்குவேன். மாலையில் தேதி, கிழமை, காற்றின் திசையோடு அதை நோட்டில் திருத்தி எழுதுவேன். பேச்சு, எழுத்துத் தமிழாகும். இல்லாவிட்டாலும் பொருள் கெடாது என்று தோன்றும் சொற்களை நீக்குவேன். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். மூன்று ஆண்டுகளில் என் வாக்கியங்கள் பாதியாகச் சுருங்கின. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பக்கத்து வீட்டு நண்பன் மீன்பிடிக்கப் போகிறவன். படகைத் தள்ளும்போதும் என்னைச் சீண்டாமல் இருக்கமாட்டான். "இன்னா மச்சான், காத்துக்கு ஆஜர் எடுத்துகினு கீறியா? எம் பேரயும் சேத்துக்க!"

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. நோட்டை எழுதி மூடிய பிறகுதான் செய்தி வந்தது, படகு கவிழ்ந்துவிட்டதென்று. மறுநாள் அவன் உடல் கரை ஒதுங்கியது.

காரியம் முடிந்த அடுத்த நாள் அவன் மனைவி வந்தார். அன்று அவரை எழுப்பாமலே அவன் கிளம்பியிருக்கிறான். கரையில் கடைசியாக அவனோடு பேசியவன் நான்.

"நோட்டுல இருக்கும்ல அண்ணா? இன்னா சொல்லிட்டுக் கெளம்புனாரு, படி."

படித்தேன். "'வலையை நேற்றே சரிசெய்துவிட்டேன். போகிறேன்' என்றான்."

அவர் முகம் மாறியது. "போறேன்னா சொன்னாரு? தெருமுனைக் கடைக்குக் கூட போய்ட்டு வரேன்னுதான சொல்வாரு..."

"நான்தாம்மா சுருக்கிட்டேன். ரெண்டு வார்த்த எதுக்கு, ஒண்ணு போதுமேன்னு..."

"எனக்காவ சொல்லாத அண்ணா. உங் காதுல இன்னா வுழுந்துச்சு?"

நினைவில் துழாவினேன். அவன் குரல் வரவில்லை. நான் திருத்திய வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

"போய்ட்டு வரேன்னுதாம்மா சொன்னான்."

"அப்ப அத எழுது."

'போகிறேன்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன். அவர் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். பக்கத்தைக் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன்.

அவன் எதைச் சொன்னான் என்பது எனக்கு இன்றும் தெரியாது. மாலையில் திருத்த உட்காருகிறேன். வேண்டாத சொல் ஒன்று கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோகிறேன். அதைச் சொன்னவர் வீடு திரும்பிவிட்டாரா என்று பார்த்துவந்த பிறகுதான் அடிக்கிறேன்.