டிரைவருக்கு மட்டும் மரியாதை

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு எல்லா உரிமையும் உண்டு. என் தாத்தா வாங்கினார், என் அப்பா வாங்கினார், ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் நானும் வாங்கினேன். ஆனால் படிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாதே. நான் எழுதி வைப்பேன், நீங்கள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பீர்கள். அந்த வம்பே வேண்டாம். எங்கள் தோலின் நிறத்தையும், எங்கள் பாட்டன் பூட்டன் மூட்டை தூக்கக் கப்பலில் வந்து இறங்கியதையும் சேர்த்துக் குழைத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கு வைத்த வசவு என்று தெரிந்துகொண்டால் போதும்.

அந்த வசவுக்காக முப்பத்தோரு வருஷம் ஏங்கிய ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான், எங்கள் கோஷ்டிக்கு லாரி டிரைவர். பிறப்பால் ஊர்க்காரர், எங்கள் ஆள் இல்லை. திட்டு வாங்க யாராவது ஏங்குவார்களா என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை. பீரோ, கட்டில், பிரிட்ஜ், யாரும் வாசிக்காத பியானோ, எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றி இன்னொரு மாடிக்கு ஏற்ற வேண்டும். லிப்ட் வேலை செய்கிற கட்டடத்துக்கு எங்களை யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. கனமான சாமானைத் தூக்கும்போது தலைவர் "ஒண்ணு, ரெண்டு" என்பார். மூன்றாவதுக்கு மூணு என்று சொல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லித் தூக்குவோம். ஒரு காலத்தில் துறைமுகத்து மேஸ்திரிகள் எங்களைத் தூக்க வைக்க அதைத்தான் கத்துவார்களாம். எங்களுக்கென்று சொந்தக் கோஷ்டி வந்தபோது மேஸ்திரியைத் துரத்திவிட்டோம், சொல்லை வைத்துக்கொண்டோம். வேலை நேரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். எங்கள் வாயில் அது கிண்டல், கொஞ்சல், சில நேரம் சமாதானம்.

அத்தான் புதிதாக வந்த வாரம், ஆள் பற்றவில்லை என்று அவரையும் ஒரு பீரோவுக்குத் தோள் கொடுக்கச் சொன்னார் என் அப்பா. அப்போது அப்பாதான் தலைவர். ஒண்ணு, ரெண்டு என்றதும் எல்லோரோடும் சேர்ந்து அத்தானும் அந்தச் சொல்லை உற்சாகமாகக் கத்திவிட்டார். பாவம், அது பீரோவின் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ.

"கீழ வைங்கடா," என்றார் அப்பா.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோவை வைத்துவிட்டு எல்லோரும் சும்மா நின்றோம். வீட்டுக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார், அப்பா அசையவில்லை. அத்தானுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து அப்பா, "இப்ப தூக்கலாம். டிரைவர், நீங்க மட்டும் பேசாம தூக்குங்க," என்றார்.

அன்றிலிருந்து அவர் பேசாமல்தான் தூக்கினார். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கத்தும்போது மூச்சு வெளியே போகும், அந்த மூச்சோடு சுமை எழும்பும். வாயை மூடிக்கொண்டு தூக்குகிறவனுக்கு இமைக்கிற நேரம் தாமதமாகும், அந்த நேரத்துக்கான பாரம் முழுவதும் அவன் தோளில் இறங்கும். அத்தானின் இடது தோள் ஐம்பது வயதிலேயே போய்விட்டதற்கு டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். காரணம் எங்களுக்குத் தெரியும்.

என் அக்கா அப்போது எங்களோடு வந்து கண்ணாடிச் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பெட்டிக் கோப்பைகளை வாங்கிப் போக டிரைவர் நான்கு தடவை மாடி ஏறுகிறார் என்பதை எல்லோரும் கவனித்தோம், கடைசியாக அப்பாவும் கவனித்தார். கல்யாணத்துக்கு அத்தான் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணைக் குடுத்துட்டேன் மாப்பிள்ளை. அந்தச் சொல்லை மட்டும் கேக்காதீங்க," என்றார். அவர் கேட்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

லாரியில் அவர் முன்னால் தனியாக ஓட்டுவார், நாங்கள் பின்னால் மெத்தைகள் மேல் சாய்ந்துகொண்டு அரட்டை அடிப்போம். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். மழை கொட்டினாலும் அதைச் சாத்த மாட்டார். பின்னால் ஒருவன் இன்னொருவனை அந்தச் சொல்லால் கூப்பிட்டு வம்பிழுத்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கும்போது, முன்னால் அவர் தோளும் குலுங்கும். எங்களோடு சேர்ந்து சிரிக்கிறாராம். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வரும். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். ஊர் முழுக்க அவர்களுடையது, இந்தப் பத்தடி லாரிப் பெட்டி மட்டுமாவது எங்களுடையதாக இருக்கட்டுமே.

எங்களுக்குள் வாடா போடாதான். அவரிடம் மட்டும் "டிரைவர், கயிறு போடுங்க", "டிரைவர், டீ குடிக்கிறீங்களா". முப்பத்தோரு வருஷத்தில் ஒருவனும் அவரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஒரு மனிதரை வெளியிலேயே நிறுத்திவைக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

ஒருநாள் ராத்திரி அவர் அக்காவிடமே கேட்டுவிட்டாராம். அவள்தான் சொன்னாள். "ஒரே ஒரு தடவை என்னை அப்படிக் கூப்பிடேன்."

"கூப்பிட்டா உங்களுக்கு வலிக்கணுமே," என்றிருக்கிறாள் அக்கா. "வலிக்காதவங்களுக்கு அது வெறும் சத்தம். சும்மா படுங்க."

அவர்களுக்கு ஒரே பையன், என் மருமகன். அம்மா நிறம், அப்பா மூக்கு. எட்டு வயதில் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். இருபதில் எங்கள் கோஷ்டியில் சேர்ந்து எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். அவன் அப்பா வாய் மூடித் தூக்கும் அதே பீரோவின் இன்னொரு மூலையில் நின்று மகன் கத்துவான். அப்போது அத்தான் அவனைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அதில் பெருமையும் இருக்கும், பொறாமையும் இருக்கும்.

தோள் முடியாமல் அவர் வேலையை விட முடிவு செய்தார். எங்களிடம் வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடிகாரம், சால்வை என்று எதுவும் கிடையாது. கடைசிச் சாமானை இறக்கி வைத்ததும் அவர் தெருவில் இறங்கி நடப்பார். நாங்கள் எல்லோரும் நின்று ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொல்லி அவரைக் கூப்பிடுவோம். அவர் திரும்பி அதையே எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார். பத்தொன்பது பேரை அப்படி அனுப்பியிருக்கிறோம். பத்தொன்பது தடவையும் அத்தான் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

கடைசி வேலை நாளான சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்தார். அப்பாவுக்குப் பிறகு நான்தான் தலைவர். வண்டி டயரை உதைத்துப் பார்ப்பது போல நின்றுகொண்டு, "மச்சான், சனிக்கிழமை எனக்கும் உண்டா?" என்றார்.

"பாக்கலாம் அத்தான்," என்று சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்ட அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

கோஷ்டியைக் கூட்டிக் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மருமகன்தான் எழுந்தான்.

"வேணாம் மாமா. எனக்கு அப்பான்னா உசுரு. ஆனா அந்த வார்த்தை அவர் மேல ஒரு தடவைகூட விழுந்ததில்ல. அடி வாங்காதவருக்கு எதுக்கு அது?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். முடிவு என் தலையில் விழாமல் போனதே என்று உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அத்தானிடம் போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சனிக்கிழமை காலை அவர் முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு வந்து நின்றதைப் பார்த்ததும் லாரிக்குப் பின்பக்கம் போய்க் கயிறுகளை எண்ணத் தொடங்கினேன்.

அன்றைக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஊர்க்காரர், மடிப்புக் கலையாத சட்டை. நாங்கள் பெரிய மர அலமாரியைப் படியில் பாதி வரை இறக்கி, கைப்பிடிச் சுவரில் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கீழ்முனையில் அத்தானும் மருமகனும். வீட்டுக்காரர் இறங்கி வந்து, எங்களையெல்லாம் தாண்டி அத்தானிடம் போய் ரகசியம் போலச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"டிரைவர் சார், இவனுங்களைக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்று அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார். "நம்ம ஆளு சொன்னாத்தான் கேப்பானுங்க."

அத்தான் சாதாரணமாகச் சொன்னார். "மேல நிக்கறது என் மச்சான். இது என் பையன். பாத்துத்தான் எடுப்பாங்க."

அந்த ஆள் மருமகனைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி மருமகனைப் பார்த்தார். கணக்குப் புரிந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஓ, அப்படியா? அப்ப நீயும் அதானே," என்று, அத்தான் முகத்துக்கு நேராக, நிதானமாக, அந்தச் சொல்லைச் சொன்னார். பிறகு சட்டையில் தூசி தட்டுவது போலத் தட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

முப்பத்தோரு வருஷம் காத்திருந்த சொல் இப்படி வந்தது. அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். எட்டு வயதில் அழுதுகொண்டு வந்தானே மருமகன், அதே முகம். மருமகன் படியில் மேலே பாய்ந்தான், அத்தான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "சாமான் இருக்குடா," என்றார். நான் ஒண்ணு, ரெண்டு என்றேன். மூன்றாவதுக்கு ஒருவர் வாயும் திறக்கவில்லை. அலமாரி கோணலாக எழும்பியது, ஆறு பேர் தோளிலும் பாரம் அப்படியே இறங்கியது. இவ்வளவு காலம் இவர் இதைத்தான் தூக்கிக்கொண்டிருந்தாரா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாலை புது வீட்டில் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தோம். மருமகன் என் பக்கத்தில் வந்து, "கூப்பிடலாம் மாமா. நான் சொன்னது தப்பு," என்றான். கண் கலங்கியிருந்தது. எல்லோரும் வரிசையாக நின்றோம். அத்தானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நடக்கத் தொடங்கியவர் நின்று கையை உயர்த்தினார்.

"வேணாம்ப்பா. இப்ப நீங்க கூப்பிட்டாலும் எனக்கு அந்த ஆள் குரல்தான் கேக்கும்."

அவ்வளவுதான். போய்விட்டார். என் வாயில் ஏறி நின்ற சொல்லை அப்படியே விழுங்கினேன்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அத்தான் தோளில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். முன்னெல்லாம் அவர் ஏங்கினார், இப்போது நான் ஏங்குகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சொல்லைச் சொல்லி அவரைக் கூப்பிட வேண்டும் போல நாக்கு துடிக்கிறது. கூப்பிடுவது "அத்தான்" என்றுதான்.

போன வாரம் அவராகவே கேட்டார். "மச்சான், உங்களுக்கெல்லாம் அது வலிக்காம போக எத்தனை நாளாச்சு?"

"எனக்கு இன்னும் போகல அத்தான்," என்றேன். "வெளியாளு யாராவது சொன்னா இன்னைக்கும் சுருக்குன்னுதான் இருக்கும்."

அவர் நம்பாமல் பார்த்தார். "அப்புறம் எப்படி லாரியில அவ்ளோ சிரிச்சீங்க?"

"எல்லாரும் சேந்து சொன்னோம். நாள் முழுக்கச் சொன்னோம். அதுல அவனுங்க குரல் காதுல விழாது, அவ்ளோதான்."

அவர் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு குரல்தான் கேட்டிருக்கு," என்றார். "தனியா உக்காந்துக்கிட்டு நான் எப்படி மச்சான் சிரிக்கறது?"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவரைத் தனியாக உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன்.