கெட்டூராவின் சோளக்கொல்லை

கென்டக்கிக் காட்டுக்குள் குடியேறிய நாளிலிருந்து கெட்டூரா மேடக்ஸ் ஒருவரையும் நம்பியதில்லை. உப்பை நக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள், மணல் கலந்திருக்குமாம். பாதிரியார் ஜெபம் செய்யும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்து ராஜாவோடு சண்டை நடந்த காலம். குடியேறியவர்கள் கூடி வாழ்ந்த மரக்கோட்டைக்குள் பக்கத்துக் குடிசைக்காரன் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? அவள் கணவன் ஜோப், ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கப் போனவன், திரும்பவில்லை.

அவன் விட்டுப்போனது ஓடைக்கரை நிலம் ஒன்றுதான். அது ஷானி என்ற பூர்வகுடி மக்களின் வேட்டைக்காடு. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது வேறு கதை. எங்களுக்குள் இருந்த சட்டம் இதுதான்: குறித்த தேதிக்கு முன்பு சோளம் விளைவித்தவனுக்கு நிலம். ஜோப் சோளமும் விதைத்தான், எல்லை ஓக் மரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் செதுக்கினான்.

ஒருநாள் காலை தண்ணீருக்குப் போனவள் ஓடைக்கு அக்கரையில் கோடரிச் சத்தம் கேட்டாள். அதே ஓக் மரம். ஆம்ப்ரோஸ் ப்ரூயிட் அதைக் கொத்திக்கொண்டிருந்தான். கோட்டையில் அடுத்த குடிசைக்காரன், வாய் திறக்காதவன், ராஜாவை ஒருநாளும் திட்டாதவன்.

"யோவ் ஆம்ப்ரோஸ்! எம் புருஷன் மரத்துல ஒனக்கென்னய்யா வேல?"

"பட்டை மூடிக்கிட்டு வருது, அதான்."

"மூடுறது பட்டையா? அந்த மனுஷன் கண்ண மூடுனதும் ஒனக்குக் கண்ணு தொறந்துருச்சோ!"

அவன் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அக்கரைக்குத் தனியாகப் போகப் பயந்து, மரத்தில் என்ன செய்தான் என்று அவள் பார்க்கவில்லை. அன்று மாலையே கோட்டைத் தலைவர் முன் பைபிளில் கைவைத்தாள். ராஜா வாழ்க என்று சொல்லி ஆம்ப்ரோஸ் சாராயம் குடித்ததைக் காதால் கேட்டதாகச் சொன்னாள். கேட்கவேயில்லை. ஆனால் அப்படித்தான் குடித்திருப்பான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொட்டும் பனியில் அவனை விரட்டினார்கள். அவன் சாட்சி இனி எந்தச் சபையிலும் செல்லாது என்றும் ஆயிற்று.

பிறகு ஜனங்கள் மலை தாண்டிக் குவியத் தொடங்கினார்கள். கிழக்கிலிருந்து வந்த கனவான் ஒருவர் அதே ஓடைக்கரைக்குப் பத்திரம் வைத்திருந்தார். நில அதிகாரி விசாரிக்க வந்தபோது கெட்டூரா அவரை மரத்திடம் அழைத்துப் போனாள். ஜோப்பின் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. மூடிய பட்டையை யாரோ சுத்தமாகச் செதுக்கி விட்டிருந்தார்கள். யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"எழுத்து புதுசா இருக்கேம்மா. நேத்துக்கூட வெட்டியிருக்கலாம்," என்றார் அதிகாரி. "சோளம் நின்னதப் பாத்தவங்க இருந்தா கூட்டிட்டு வா."

பார்த்தவர்களில் உயிரோடிருந்தவன் ஆம்ப்ரோஸ் ஒருவன்தான். அவள் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள். அவன் மறுபேச்சில்லாமல் விசாரணைக்கு வந்தான்.

"பாத்தேங்க. ஜோப்போட சேந்து நானும் களை எடுத்தேன். எழுத்து மூடிராமப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் அவரு உப்புக்குப் போனாரு."

கோட்டைத் தலைவர் குறுக்கிட்டார். "இவன் சாட்சி செல்லாதுங்க. இந்தம்மாவே சத்தியம் பண்ணிச்சு."

கெட்டூரா எழுந்து நின்றாள். "அது பொய்ச் சத்தியங்க ஐயா. நான் எதையும் கேக்கல."

"அப்போ இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்பிடி நம்புறது?" என்றார் அதிகாரி.

நிலம் கனவானுக்குப் போயிற்று. பொய் என்று அவள் வாயால் வந்ததால் ஆம்ப்ரோஸ்மேல் இருந்த பழி மட்டும் பிற்பாடு நீங்கியது. அவள் அதே கொல்லையில் குத்தகைக்குச் சோளம் விதைத்தாள்.

கென்டக்கி தனி மாநிலமான நாளில் ஊரே துப்பாக்கி வெடித்துக் கொண்டாடியது. ஆம்ப்ரோஸ் வேலியருகே வந்து நின்றான். இவள் சோள அடையை நீட்டினாள்.

"மரத்த வெட்டுனப்பவே, ஜோப் சொல்லிட்டுப் போன வேலைன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

அவன் அடையைப் பிட்டான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா, கெட்டூரா?"

அவள் இன்னொரு அடையை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினாள்.