பட்டறைத் தொட்டித் தண்ணீர்

உத்திரமேரூரை அடுத்த ஓர் ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனது எழுபதுகளின் நடுவில். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொல்லன் பட்டறையின் கல்தொட்டிதான்.

பழுக்கக் காய்ச்சிய அரிவாளையும் ஏர்க்கொழுவையும் முக்கி எடுக்கிற தொட்டி. தண்ணீர் கன்னங்கரேலென்று இருக்கும். கரித்தூளும் செத்த ஈயும் மிதக்கும். தெருநாய் அதில்தான் தாகம் தீர்த்துக்கொள்ளும். ஆசாரி துப்பும் வெற்றிலை எச்சில் குறி தவறினால் அதில்தான் விழும். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத்தான் அதைக் கழுவுவார்கள். கூத்தைக் கேளுங்கள், இதைத்தான் ஊரே பிள்ளைகளுக்கு மருந்தென்று புகட்டியது. நாள்பட்ட தண்ணீருக்குச் சக்தி அதிகமாம்.

என் மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆவணி மாதத்தில் வாந்தியும் பேதியுமாகத் துவண்டுவிட்டாள். கணவர் காஞ்சிபுரத்தில் தறி வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மாந்தம்டி இது. ஊசி போட்டா புள்ள தாங்குமா? பட்டறத் தண்ணி ஒரு வாய் குடுத்தா எய்ந்து உக்காந்துக்கும்.”

“அத நாய் குடிச்சிக்கினு கீது அத்த.”

“நெருப்பு முங்குற தண்ணிக்கு இன்னாடி தீட்டு?”

பட்டறைக்குப் போனதும் ஆசாரி கொழுவைக் காய்ச்சித் தொட்டியில் முக்கினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. கொட்டாங்குச்சியில் மொண்டு நீட்டினார். மாமியார் பிள்ளையை என் இடுப்பிலிருந்து பிடுங்கி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார். கறுப்புத் தண்ணீர் அவள் கழுத்து மடிப்பில் வழிந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அத்தனை பேர் மேலும் காறித் துப்பவேண்டும் போலிருந்தது எனக்கு.

விடிவதற்குள் பிள்ளையின் கண்கள் குழி விழுந்துவிட்டன. யாரையும் கேட்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதியத்துக்கு மேல்தான் கண் திறந்து அழுதாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். ஆசாரியின் மனைவி, மடியில் தன் மகனோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கும் பேதிதான். முந்தாநாளே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்களாம். அப்படியென்றால் என் பிள்ளைக்கு ஆசாரி மொண்டு கொடுத்தபோது அவர் பிள்ளை இங்கே படுத்திருந்திருக்கிறான்.

“ஏங்க்கா, ஒங்க தொட்டித் தண்ணி குடுக்கலியா?” என்று கேட்டேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள்.

“அந்தக் கருமத்தையா? எம்புள்ளைக்கா?” என்றாள்.